டி.சி.யில் ஐந்து வரி

1

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் 1986 முதல் 2018 வரை சமூக அறிவியல் வாத்தியாராக இருந்தேன். பிள்ளைகளுக்கு நான் 'சோசியல் சார்'. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று தலைமையாசிரியர் சாமியார் எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். மே, ஜூன் மாதங்களில் ஆபீஸ் கிளார்க்குக்குத் துணையாக உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் எழுத வேண்டும். டி.சி. என்றால்தான் நம் சனங்களுக்குப் புரியும். இப்போது நினைத்துப் பார்த்தால், நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரலாற்றைவிட டி.சி.யில் எழுதிய வரலாறுதான் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையை அதிகம் தொட்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் எழுதிய காலத்து டி.சி. வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெயர், அப்பா பெயர், மதம், சாதி எல்லாம் கேட்டுவிட்டு, அதற்குக் கீழே ஐந்து வரி இருக்கும். ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர். பிற்படுத்தப்பட்டவர். மிகவும் பிற்படுத்தப்பட்டவர். ஆதிதிராவிடர் இனத்திலிருந்து கிறித்தவ மதத்துக்கு மாறியவர். சீர்மரபினர். இந்த ஐந்தில் ஒன்றுக்கு எதிரே 'ஆம்' என்று எழுத வேண்டும். சட்டப்படி தாசில்தார் கொடுக்கிற சர்ட்டிபிகேட்தான் செல்லும். ஆனால் தாசில்தார் ஆபீசில் முதலில் கேட்பது டி.சி.யைத்தான். ஆக, எந்த வரியில் 'ஆம்' விழுகிறது என்பதுதான் அந்தப் பிள்ளை மேலே எங்கே போகும் என்பதற்கு முதல் முடிச்சு.

என் டி.சி.யிலும் 'கிறித்தவ மதத்துக்கு மாறியவர்' என்றுதான் இருக்கிறது. மாறியது நான் இல்லை, என் பாட்டனாருக்கும் அப்பன். நூறு வருசத்துக்கு முன்னால் மாறியவனின் கொள்ளுப்பேரனையும் 'மாறியவன்' என்றே எழுதுகிற சான்றிதழ் அது. இந்து மதத்தில் இருந்தவரை யாரும் எங்களை இந்து என்று கோயிலுக்குள் விட்டதில்லை. அதைவிட்டு வெளியே வந்த பிறகுதான் 'நீ இந்து அல்ல' என்று அரசாங்கமே எழுதிக் கொடுக்கிறது.

2

1988 ஜூனில் ஆறாம் வகுப்பு அட்மிஷன். அப்போது தேனி தனி மாவட்டம் இல்லை. எல்லாம் மதுரை மாவட்டம்தான். ஒரே சேரியிலிருந்து அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அண்ணனுக்குப் பெண், தம்பிக்குப் பையன். இரண்டு பேருமே ஏலக்காட்டுக் கூலிகள். விடிய முன்னே ஜீப்பில் மலை ஏறி, இருட்டின பிறகு இறங்கி வருகிறவர்கள். பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக அன்றைக்கு ஒருநாள் கூலியை விட்டிருந்தார்கள். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பெண்ணின் அப்பா ஒரு கடிதம் நீட்டினார். "சாமி சீட்டு குடுத்துவிட்டாரு சார். பிள்ளையச் சேத்துக்கங்க." பங்குச் சாமியார் கடிதம். இவர்கள் நமது பங்கின் கத்தோலிக்கக் குடும்பம், இடம் கொடுக்கவும் என்று இரண்டு வரி. அந்தக் கடிதத்துக்கு எங்கள் பள்ளியில் மதிப்பு உண்டு, உடனே இடம் கிடைத்தது. அந்தப் பெண் படித்ததும் பங்குத் தொடக்கப் பள்ளி. ஆகவே பதிவேட்டில் 'ஆர்.சி.' என்று எழுதினேன்.

தம்பி கையில் கடிதம் இல்லை. அவர் கோயிலுக்கு ஒழுங்காக வருகிறவர் இல்லை என்று சாமியாருக்கு வருத்தம். பையன் ஐந்தாவது வரை படித்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளியில். வீட்டுக்குப் பக்கம், அதனால் அங்கே போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளி டி.சி.யில் 'இந்து – பறையன்' என்று இருந்தது. நானும் அதையே பார்த்து எழுதினேன். அவனுக்கு இடம் கிடைக்க இரண்டு நாள் அலைய வேண்டியிருந்தது.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் ஒரே கோயிலில், ஒரே தொட்டியில். தெருவும் ஒன்று. டீக்கடையில் இரண்டு அப்பன்மாருக்கும் ஒரே கிளாஸ், அதுவும் தனிக் கிளாஸ். பதிவேட்டில் மட்டும் வேறு வேறு.

1993-இல் இரண்டு பேரும் பத்தாவது பாஸ். பெண் முப்பது மார்க் கூட. இரண்டு பேர் டி.சி.யையும் நான்தான் எழுதினேன். அவனுக்கு முதல் வரியில் 'ஆம்'. அவளுக்கு நாலாவது வரியில் 'ஆம்'. பன்னிரண்டாவது முடித்ததும் இரண்டு பேரும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தார்கள். அவன் எஸ்.சி. ஒதுக்கீட்டில் போனான். அவள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டி போட்டாள். நிலமும் கடையும் வீட்டில் இரண்டு தலைமுறைப் படிப்பும் உள்ளவர்களின் பிள்ளைகளோடு போட்டி. கிடைக்கவில்லை. அடுத்த ஏலக்காய்ப் பறிப்புக்கு அப்பாவோடு ஜீப்பில் ஏறினாள்.

என் பள்ளிக்கூடத்துக்குள் வர அவளுக்கு உதவிய கடிதம்தான் அவளைப் பிறகு கீழே தள்ளியது. அந்தக் கடிதத்தைப் பார்த்து, அழகான கையெழுத்தில் 'ஆர்.சி.' என்று எழுதியவன் நான்.

3

டி.சி. எழுதிய அந்த வருசம், வகுப்பில் அடிப்படை உரிமைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பதினேழாவது சரத்து, தீண்டாமை ஒழிப்பு. பரீட்சையில் கட்டாயம் வரும் என்று சொல்லி மனப்பாடம் செய்யச் சொன்னேன். அந்தப் பெண் எழுந்தாள்.

"சார், தீண்டாமை சட்டப்படி ஒழிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கே. பெறகு நம்ம பங்குல கல்லறை ஏன் சார் ரெண்டா இருக்கு?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எந்தக் கல்லறை யாருக்கு என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். என் அம்மாவைப் புதைத்தது எதில் என்று எனக்கும் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாடத்தைப் பாரு. பாடத்துல இல்லாததக் கேக்காத."

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனையோ வாத்தியார்கள் இப்படித்தான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டோம். அன்றைக்கு அவளுக்குச் சொல்லாத பதிலைத் தேடித்தான் பிறகு பல வருசம் படித்தேன். தேடக் கிடைத்ததைக் கீழே எழுதுகிறேன்.

4

முதலில் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி. ஒரு காலத்தில் இங்கே ஒரு பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்று பார்த்தாலே சாதியைச் சொல்லிவிடலாம். கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்று, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்று, மிஷன் பள்ளி ஒன்று. இந்த மூன்றும் டி.சி.யின் மூன்று வரிகள்தான். சீர்மரபினர், ஆதிதிராவிடர், மாறியவர்.

சீர்மரபினர் வரிக்குப் பின்னால் இருப்பது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வட இந்தியாவில் தொடங்கியது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிரமலைக் கள்ளரை அதில் சேர்த்தார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். ஆண்பிள்ளைகள் கைரேகை வைத்து, ராத்திரியில் போலீஸ் கண்ணில் பட வேண்டும். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் நின்றவர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். கள்ளர் சீரமைப்புத் திட்டமும் அதன் பள்ளிக்கூடங்களும் அந்த வருசங்களில் வந்தவை. சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் ரத்தானது.

ஆதிதிராவிடர் வரிக்குப் பின்னாலும் பெரிய வரலாறு இருக்கிறது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பத்திரிகைக்கே பெயர் வைத்து நடத்தினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். எம்.சி. ராஜா போன்றவர்கள் சட்டசபையில் போராடியதால் 1922-இல் அரசாங்கப் பதிவுகளில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது. பள்ளிக்கூடங்கள் லேபர் இலாகாவில் தொடங்கின; அதனால்தான் இன்றைக்கும் கிழடுகட்டைகள் 'லேபர் ஸ்கூல்' என்பார்கள்.

இந்த இரண்டு வரிகளுக்கும் ஒரு போராட்டக் கதை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். நாலாவது வரிக்கு மட்டும் ஏன் கதை இல்லை? இருக்கிறது. ஆனால் அது விட்டுக்கொடுத்தவர்களின் கதை.

5

1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். நம்மவர்கள் தத்துவ போதகர் என்று சொல்லுகிறவர். காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்து, மேல்சாதியாரிடம் வேதம் சொன்னார். சேரிக்குப் போனால் மேல்சாதி வராது என்பதால் 1640 வாக்கில் சேசு சபையார் 'பண்டாரசாமி' என்று இன்னொரு வகைக் குருக்களை ஏற்படுத்தினார்கள். மேல் கீழ் என்று குருக்களையே பிரித்து ஆரம்பித்த மிஷன் இது. சாதியை ஊர்ப் பழக்கம், நாகரிகம் என்று சொல்லி வேதத்துக்குள் விட்டார்கள். பிற்பாடு அந்தப் பழக்கம் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கை. ஒன்றில் வெள்ளாளர், ஒன்றில் நாடார், நடுவில் பீடம். தடுப்பை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு சேசு சபைக் குரு இடித்தபோது, வழக்கு சென்னை ஹைகோர்ட் வரை போயிற்று. கோயிலுக்குள்ளேயே இவர்களுக்குள் இவ்வளவு என்றால், சேரிச் சனம் எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து அரசாங்கம். 1927-இல் வந்த வகுப்புவாரி ஆணை உத்தியோகங்களைப் பன்னிரண்டாகப் பிரித்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. தலித் கிறித்தவனை எதில் சேர்ப்பது? கிறித்தவன் என்று அந்த இரண்டில் சேர்த்தால், அங்கே இங்கிலீஷ் படித்த மேல்சாதிக் கிறித்தவர்கள் முன்னால் நிற்கிறார்கள். கிறித்தவன் என்பதால் தாழ்த்தப்பட்டோரின் அந்த ஒன்றும் இல்லை. எங்கள் கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

1932-இல் வகுப்புத் தீர்ப்பு வந்தது. இந்தியக் கிறித்தவர்களுக்குத் தனித்தொகுதி கிடைத்தது. 1935 சட்டத்திலும் அது இருந்தது. ஒரே ஆளை இரண்டு தொகுதிக் கணக்கில் எண்ண முடியாது. ஆகவே 1936-இல் தாழ்த்தப்பட்ட சாதிகளின் அட்டவணையை முதல்முறையாக வெளியிட்டபோது, இந்தியக் கிறித்தவர் யாரையும் அட்டவணைச் சாதியாகக் கருதக்கூடாது என்று ஒரு வாக்கியம் போட்டார்கள். மதம் மாறினால் தீட்டு போய்விடும் என்று கண்டுபிடித்துப் போட்ட வாக்கியமாக இதைப் பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருந்தது ஓட்டுக் கணக்கு.

பிறகு அரசியல் நிர்ணய சபை. 1949-இல் மதச் சிறுபான்மையினருக்கான தனி இடங்கள் கைவிடப்பட்டன. கிறித்தவர் சார்பில் வங்காளத்து எச்.சி. முகர்ஜியும், சென்னை லயோலா கல்லூரி முதல்வராக இருந்த சேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அதற்கு மனமுவந்து சம்மதித்தார்கள். தேச ஒற்றுமைக்காக விட்டுக்கொடுத்தோம் என்பதைத் திருச்சபை பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அவர்களுக்குக் கல்லூரி இருந்தது, படிப்பு இருந்தது, விட்டுக்கொடுக்க முடிந்தது. சேரிக் கிறித்தவனைக் கேட்டவர் யார்?

தனித்தொகுதியே போன பிறகு, தனித்தொகுதிக்காகப் போட்ட அந்த 1936-ஆம் வருசத்து வாக்கியமும் போயிருக்க வேண்டுமல்லவா? போகவில்லை. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த ஜனாதிபதி ஆணையின் மூன்றாவது பத்தியில், இந்து அல்லாத யாரும் அட்டவணைச் சாதி அல்ல என்று வேறு உருவத்தில் உட்கார்ந்துகொண்டது. பஞ்சாபில் சில சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் விலக்கு. 1956-இல் சீக்கியர் முழுவதும் சேர்க்கப்பட்டார்கள். 1990-இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். நியாயம்தான், அதை நாம் வரவேற்கிறோம். சாதியை ஒப்புக்கொள்ளாத சீக்கியத்திலும் பௌத்தத்திலும் சாதிக்கொடுமை ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாராளுமன்றம் ஒப்புக்கொண்டது. கிறித்தவத்திலும் இஸ்லாத்திலும் மட்டும் அது எப்படிக் கழுவப்பட்டுவிடுகிறது? 1996-இல் மசோதா ஒன்று தயாரானது, நிறைவேறவில்லை.

இங்கே ஒரு செருப்புத் தைக்கிற தொழிலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூசை என்று பெயர். சென்னையில் மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் சேருகிற முனையில் ரோட்டோரம் உட்கார்ந்து தைத்தவர். ரோட்டோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கிற திட்டம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தைத்த இந்துத் தொழிலாளிகளுக்குக் கிடைத்தது. சூசைக்கு இல்லை, கிறித்தவர் என்பதால். அவர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. புதிய மதத்துக்குள்ளும் அதே அளவு கொடுமை இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

நான் வேலைக்குச் சேர்வதற்கு ஒரு வருசம் முன்னால் வந்த தீர்ப்பு இது. பல வருசம் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது அந்தப் பெண் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. கோர்ட் கேட்ட ஆதாரம் எங்கள் கல்லறையில் இருந்தது. அதைத்தான் 'பாடத்தில் இல்லாதது' என்று நான் வாயை அடைத்தேன்.

6

இந்தத் தவறில் அரசாங்கத்துக்கு மட்டும் பங்கு என்றால் பொய். 'நம்மிடம் சாதி இல்லை, எல்லோரும் கிறிஸ்துவில் ஒன்று' என்று மேடையில் பேசிய ஒவ்வொரு முறையும் திருச்சபை சூசைக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. சாதி இல்லை என்று சொல்லிக்கொண்டே சாதிக்கொரு கல்லறை வைத்திருந்தார்கள். தலித் கிறித்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் தமிழக ஆயர்கள் 1990-இல் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம், நம் பங்குகளில் அருள் சின்னப்பர் என்று சொன்ன போப் இரண்டாம் ஜான் பால், சாதி வேற்றுமையை விடச் சொல்லிப் பேசினார். ஐந்து வருசம் கழித்து, 2008 மார்ச்சில், அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகளை வன்னியக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் செத்தார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையில், கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், தலைமையில் அவர்கள் மிகக் குறைவு என்றும் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

பள்ளிக்கூடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தலித் கிறித்தவப் பெண் அரசாங்கத்திடம் போனால், 'நீ கிறித்தவள், எஸ்.சி. இடம் இல்லை' என்கிறது. சரி, கிறித்தவ நிறுவனத்திடம் போனால், 'நாங்கள் சிறுபான்மை நிறுவனம், அரசாங்க இடஒதுக்கீடு எங்களைக் கட்டுப்படுத்தாது' என்கிறது. முப்பதாவது சரத்து அந்த உரிமையைக் கொடுக்கிறது. 2005-ஆம் வருசத்துத் திருத்தத்தில் வந்த பதினைந்தாவது சரத்தின் ஐந்தாம் பிரிவும் சிறுபான்மை நிறுவனங்களை விலக்கிவைத்திருக்கிறது. சிறுபான்மை உரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உரிமைதான் எனக்கே சோறு போட்டது. ஆனால் தலைகளை எண்ணிச் சிறுபான்மை என்று காட்டும்போது எங்கள் சேரித் தலைகளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். வேலை போடும்போதும் எண்ணுகிறார்களா? நான் சேர்ந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் தலித் நான் ஒருவன். வகுப்பறையில் பாதிக்கு மேல் எங்கள் பிள்ளைகள்.

தமிழ்நாடு அரசு எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆபீஸ் பாஷையில் 'எஸ்.சி.சி.' என்று எழுதி, எங்கள் பிள்ளைகளுக்கும் மாநில உதவித்தொகை கொடுக்கிறது. 2007-இல் பிற்படுத்தப்பட்டோரிலிருந்து கிறித்தவருக்கென்று 3.5 சதவீதம் பிரித்தார்கள். பங்கு குறைகிறது என்று கிறித்தவத் தரப்பே கேட்டு 2008-இல் திரும்பக் கொடுத்தது. ஆனால் எஸ்.சி. இடங்கள், தனித்தொகுதி, பஞ்சாயத்துத் தலைவர் பதவி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இவை ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி விசயத்தை யோசியுங்கள். 1989-இல் போடியில் கலவரம் நடந்தது. அதே வருசம்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. சேரியில் தீ வைக்க வருகிறவன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்பதில்லை. எரிந்த இரண்டு வீட்டில் ஒரு வீட்டுக்காரன் இந்து என்றால் அந்தச் சட்டத்தில் வழக்கு, மற்றவன் கிறித்தவன் என்றால் சாதாரண வழக்கு.

7

இதையெல்லாம் படித்த பிறகு என் பாடத்தை மாற்றினேன். குடிமையியல் தொடங்குகிற அன்றைக்குக் கரும்பலகையில் டி.சி.யின் ஐந்து வரியையும் எழுதிப் போடுவேன். "இது எப்ப வந்துச்சு, ஏன் வந்துச்சு? வீட்ல பெரியவங்களக் கேட்டு வாங்க" என்பேன். கள்ளர் வீட்டுப் பையன் ஒருவன், தன் தாத்தா ரேகை வைக்கப் போன கதையைக் கேட்டு வந்து சொன்னான். அவன் சொன்னதைச் சேரிப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். தங்களை மிரட்டுகிற தெருவையும் ஒருகாலத்தில் போலீஸ் மிரட்டியது என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் ஒரு சேரிப் பெண் கல்லறைக் கதையைச் சொன்னாள். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அதற்குப் பிறகு அவர்கள் சினேகமாகிவிட்டார்கள் என்று கதை கட்ட மாட்டேன். ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டார்கள், அவ்வளவுதான்.

எதிர்ப்பும் வந்தது. "சின்னப் பிள்ளைகளுக்கு எதுக்கு சார் சாதி? அன்பப் போதிங்க" என்றார் தலைமையாசிரியர் சாமியார். நான் சொன்னேன்: "சாமி, அட்மிஷன் அன்னைக்கே நாம சாதியக் கேட்டு எழுதிட்டோம். என்னத்த எழுதினோம்னு மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்றேன்." அவர் பதில் சொல்லவில்லை. பாடத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

8

2009 ஜூனில் அந்தப் பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். கையெல்லாம் ஏலக்காட்டுக் கீறல். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, 1988-இல் அவள் அப்பாவிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னேன். எந்த வரியில் எழுதினால் என்ன கிடைக்கும், எது போகும், எது சட்டச் சிக்கல் என்று ஒன்றுவிடாமல். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நாலாவதுலயே எழுதுங்க சார். கோயில்ல ஒரு பேரு, தாலுகா ஆபீசுல ஒரு பேருன்னு எம்மக பயந்துக்கிட்டே திரிய வேணாம்."

அவளுடைய சித்தப்பா மகன் இன்றைக்கு ஓர் அரசுப் பள்ளி வாத்தியார். பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறான். கிறிஸ்மசுக்குச் சொந்தப் பங்குக் கோயிலுக்குப் போகமாட்டான். தெரியாத ஊர்க் கோயிலில் கடைசியில் நின்றுவிட்டு வருவான். 2024 நவம்பர் 26 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரிப் பெண் ஒருவர் எஸ்.சி. சான்றிதழ் கேட்ட வழக்கு. கிறித்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்கிற மோசடி என்றது தீர்ப்பு. அன்றைக்கு அரசியல் சட்ட நாள். ராத்திரி அவன் எனக்குப் போன் பண்ணினான். "சார், நான் மோசடிக்காரனா?"

அவனைப் போல எத்தனை ஆயிரம் பேர் இரண்டு பெயரோடு திரிகிறார்கள் என்று தலித் சனங்களுக்குத் தெரியும். அவனுக்கு நான் சொன்னது இதுதான்: "உங்கப்பன் தனிக் கிளாஸ்ல டீ குடிச்சது பொய்யாடா? இல்லைல்ல. அப்ப நீ எஸ்.சி.ங்கறதும் பொய்யில்ல. நீ சாமி கும்பிடுறதும் பொய்யில்ல. ரெண்டுல ஒன்னப் பொய்யாக்குனது அந்த 1950-ஆம் வருசத்து ஆணை." ஆனால் என் சமாதானம் அவனுக்கு வேலைப் பாதுகாப்பு ஆகாது. அந்த மூன்றாவது பத்தியை நீக்கினால்தான் ஆகும்.

அதை நீக்கச் சொல்லி 2004-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-லேயே, அட்டவணைச் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரித்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. கமிஷன்களும் கோர்ட்டுகளும் திரும்பத் திரும்பக் கேட்பது 1985-இல் கேட்ட அதே ஆதாரம்தான்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பங்குக்குப் போங்கள். கல்லறை எத்தனை, நடுச்சுவர் இருக்கிறதா, சாவு வண்டி எந்தத் தெரு வழியாகப் போகிறது, திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்கு வருவதில்லை, பாடகர் குழுவில் யார், பங்குப் பேரவையில் யார், பள்ளியில் எத்தனை வாத்தியார், அதில் தலித் எத்தனை பேர் என்று தேதி போட்டு எழுதுங்கள். பெரியவர்கள் சொல்வதைச் சொல்கிற மாதிரியே எழுதி, இந்த மாதிரிப் பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள். மனு கொடுக்கப் போகிறவர்கள் கையில் அது இருக்க வேண்டும்.

நான் என் பங்கை எழுதி முடித்துவிட்டேன். முதல் பக்கத்தில் இரண்டு கல்லறைகளின் வரைபடம் இருக்கிறது. அம்மாவைப் புதைத்த இடத்தை அதில் குறித்திருக்கிறேன். அதற்குக் கீழே 1993-இல் ஒரு பெண் வகுப்பில் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.